நான் எழுதாத வரி

ஊர்காவற்றுறையில் எங்கள் மாதா கோயில் பங்கில் யார் இறந்தாலும், முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு கொடுக்கும் நினைவு மடலை எழுதுவது நான்தான். ஓய்வுபெற்ற ரீச்சர் என்றால் ஊருக்கு அவ்வளவு வசதி. எனக்கும் பெருமைதான். போன வருடம் அலுப்பு வந்து, அந்த வேலையைப் போனிடம் விட்டேன். விவரத்தைச் சொன்னால் போனிலிருந்த செயற்கை நுண்ணறிவு கண்மூடித் திறப்பதற்குள் எழுதித் தந்துவிடும்.

அப்படித்தான் பக்கத்து வீட்டு மீனவரின் மடலும். பிள்ளைகள் இல்லை. நெடுந்தீவில் ஒரு தம்பி. தகப்பனின் வள்ளத்துக்காகச் சண்டைபிடித்து, பல வருடமாகப் பேச்சில்லை. இவ்வளவையும் சொன்னேன். அது கடைசியில் தானாக ஒரு வரி சேர்த்தது: சாகுமுன் அவர் தம்பியை நினைத்து, எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்றாராம். அந்த மனிசன் கடைசிவரை தம்பி என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் யன்னலால் பின்னேர வெயில் விழுந்துகொண்டிருந்தது, வரியும் அவ்வளவு வடிவு. அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

பூசைக்கு வந்திருந்த தம்பிக்காரர் மடலை வாசித்துவிட்டு, கோயில் வாசல் மணலில் குந்தியிருந்து அழுதார். அன்றிலிருந்து என் நித்திரை போயிற்று.

சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

"அதை எழுதினது போன்தான் சுவாமி."

"போன் இஞ்சை வரேல்லை. நீங்கள்தானே வந்திருக்கிறியள்," என்றார் சுவாமியார். "பொய்யெண்டு தெரிஞ்சும் ஏன் விட்டனீங்கள்?"

"வடிவாய் இருந்தது."

"போய் அந்தத் தம்பிக்காரரிட்டைச் சொல்லுங்கோ," என்றார்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுக்குப் படகு ஏறினேன். கடலும் வானமும் ஒரே நிறம். நாங்கள் போகிறோமா, நெடுந்தீவுதான் எங்களிடம் வருகிறதா என்று தெரியாத மயக்கம். ஆண்டவர் கேட்டபோது ஆதாம் ஏவாளைக் காட்டினான், ஏவாள் பாம்பைக் காட்டினாள், நான் போனைக் காட்டினேன். பாம்புக்குச் சாபமாவது கிடைத்தது. போனுக்கு என்ன? ஆண்டவர் அதனிடம் கணக்குக் கேட்கப் போவதில்லை. என்னிடம்தான் கேட்பார். அந்த நினைப்பு பயமாகவும் இருந்தது, ஏனோ ஆறுதலாகவும் இருந்தது.

தம்பிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். கதிரை போட்டு இருக்கச் சொன்னார். நான் இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப, அண்ணை அப்பிடிச் சொல்லேல்லையோ?"

"இல்லை. பிழை என்ரைதான்."

வாளியைக் கீழே வைத்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அதை வாசிச்ச அண்டைக்கே நானும் அவரை மன்னிச்சிட்டன், ரீச்சர்," என்றார். "இனி அதை என்னெண்டு திருப்பி எடுக்கிறது?"