லண்டன் டிவியில் ஆடியவள்

சுபாஷிணி தன் கூறைப்புடவையை வெட்டித்தான் அந்த நாட்டிய உடையைத் தைத்துக்கொண்டாள். கல்யாணப் புடவையில் கத்திரி வைத்த மருமகளை இன்றைக்கே யாரும் மன்னிக்க மாட்டார்கள். எழுபத்தைந்தாம் வருஷத்து மாமியாருக்குத் தெரிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். நல்லவேளையாக மாமியார் டில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தார், இவள் லண்டனில் இருந்தாள். கணவர் கஸ்தூரிரங்கனுக்கு அங்கே மூன்று வருஷம் சர்க்கார் உத்தியோகம். கல்யாணத்தோடு நின்றுபோன நாட்டியத்தை அந்தக் குளிரில்தான் அவள் மறுபடி தூசி தட்டி எடுத்தாள். ஒரு பொங்கல் விழாவில் அவள் ஆடியதைப் பார்த்த டெலிவிஷன்காரன் ஒருவன், எங்கள் நிகழ்ச்சியில் ஆட முடியுமா என்று கேட்டு வந்தான்.

ஸ்டுடியோ விளக்கின் சூட்டில் கண் மை கரைந்து வழிந்தது. எதிரே ரசிகர் என்று ஒருவர் இல்லை. காமிராவையே கண்ணனாக நினைத்துக்கொண்டு, வராதவனுக்காக ஏங்கும் ஒரு பதத்தை ஆடி முடித்தாள். நிகழ்ச்சி ஒளிபரப்பாவதற்குள் பிரசவத்துக்கு டில்லிக்கு வந்துவிட்டாள். வீட்டு மனுஷர்களில் பார்த்தது கஸ்தூரிரங்கன் மட்டும்தான். மாற்றலாகி அவர் வந்து இறங்கியதும், குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, டிவியில் ஆட்டம் எப்படி இருந்தது என்பதுதான்.

"ஆபீஸே உக்காந்து பாத்தது. எல்லாரும் ரொம்ப ரசிச்சா" என்றார்.

அப்புறம் அவள் சலங்கை கட்டவே இல்லை. மாமியார் பக்கவாதத்தில் ஒன்பது வருஷம் படுத்திருந்தார். குவார்ட்டர்ஸ் மாற்றி குவார்ட்டர்ஸ், கடைசியில் மயூர் விஹாரில் சொந்த ஃப்ளாட். அந்த வாழ்க்கையில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். ஒவ்வொரு கொலுவுக்கும் பெண்கள் சுண்டலுக்கு வந்து உட்கார்ந்ததும் கஸ்தூரிரங்கனே ஆரம்பித்து வைப்பார். "இவளைக் கேளுங்கோ, லண்டன் டிவில ஆடினவ." சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து புன்னகையோடு கேட்டுக்கொண்டிருப்பார். மனைவியைப் பற்றி இத்தனை பெருமையா என்று வந்தவர்கள் பொறாமைப்படுவார்கள். சுபாஷிணிக்கு முகம் சிவந்துவிடும்.

போன மாதம் மகள் ஜ்யோத்ஸ்னா செல்போனை நீட்டினாள். லோதி ரோடு பக்கம் ஒரு கலை மன்றத்தில் பழைய பிரிட்டிஷ் டெலிவிஷன் நிகழ்ச்சிகளை ஒரு மாலை முழுக்கத் திரையிடுகிறார்களாம். அறிவிப்பின் மூலையில், கருப்பு வெள்ளையில், கழுத்தைச் சாய்த்து நின்றாள் ஒரு பெண்.

"அம்மா, தேக்கோ. இது நீதானே?"

அவளேதான். சுபாஷிணி அன்று சாப்பிடவில்லை. கஸ்தூரிரங்கன் மட்டும் பேப்பரைத் தாழ்த்தாமல், "அந்தக் காலத்து டிவியெல்லாம் என்னத்துக்கு இப்போ? உனக்கு முழங்கால் வேற வலிக்கறது" என்றார். முழங்காலாவது ஒன்றாவது. எதிர் ஃப்ளாட் உஷாராணியையும் அழைத்துக்கொண்டு, பட்டுப்புடவை சரசரக்கக் கிளம்பிவிட்டாள். வேறு வழியில்லாமல் கஸ்தூரிரங்கனும் கூடவே கிளம்பினார்.

மன்றத்தில் எல்லாம் அமர்க்களமாகத்தான் இருந்தது. சில்லென்ற ஏசி, சின்னச் சின்ன சமோசா, கைத்தறி குர்தா போட்டுக்கொண்டு இங்கிலீஷில் பெருமூச்சு விடும் கூட்டம். சில காட்சிகள் இன்று சங்கடமாக இருக்கலாம், சரித்திரமாகப் பாருங்கள் என்று தொகுப்பாளர் இனிக்க இனிக்கச் சொன்னார். ஓர் ஓவியர் பத்து நிமிஷத்தில் மேகம் வரைந்தார். ஒரு கிழவர் வாத்தை வைத்து வித்தை காட்டினார். பிறகு வெள்ளைக்காரர்கள் வரிசையாக, கறுப்பர்களைக் கேலி செய்ய முகத்தில் கரி பூசிக்கொண்டு பல்லைக் காட்டிப் பாடினார்கள். உஷாராணிக்கு அந்தப் பக்கம் இருந்த குர்தாக்காரர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சரித்திரத்துக்குத் தாளம் வேறு.

அப்புறம் அவள் வந்தாள். இருபத்துமூன்று வயது சுபாஷிணி, கூறைப்புடவையில், கண் நிறைய நீரோடு. கை நீட்டிக் கண்ணனைக் கூப்பிட்டாள். கூடம் நிசப்தமாக இருந்தது. உஷாராணி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அந்த நிசப்தத்தில், இடது பக்கம் கஸ்தூரிரங்கனின் தொந்தி குலுங்கியது. சத்தம் வராமல் அவர் சிரிக்கும் சிரிப்பு அவளுக்குத் தெரியாதா? திரையில் சிரிக்க என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தாள். அவர் கண் திரையில் நிலைத்திருந்தது, வரப்போவதற்குக் காத்திருந்தது.

வந்தது. அவள் நீட்டிய கைக்கு எதிரே முகத்தில் பாலிஷ் மாதிரி எதையோ அப்பிக்கொண்டு, தலைப்பாகையும் கோணல் பல்லுமாக, இந்தியன் வேஷத்தில் ஒரு வெள்ளைக்காரன் தோன்றினான். அவள் அழுததைக் காட்டி, அவன் வெங்காயம் நறுக்குவதைக் காட்டினார்கள். அவன் கரண்டியை முகர்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டான். அவள் ஆட்டத்தை வேகமாக ஓடவிட்டுக் கோழி மாதிரி குதிக்கவைத்தார்கள். டிவிக்குள்ளே கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் ஆடிய அன்று இந்தப் பயல் அங்கே இல்லவே இல்லை. அவளை அனுப்பிவிட்டு, பின்னால் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். கூடத்திலும் சிரித்தார்கள், கொஞ்சம் நாசூக்காக. உஷாராணி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விளக்கு போட்டதும் சுபாஷிணி யாரையும் பார்க்காமல் வெளியே வந்தாள். உஷாராணி ஆட்டோ பிடிக்க முன்னால் போனாள். கஸ்தூரிரங்கன் மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்து படியில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் காலத்துல அதெல்லாம் சகஜம்டி. உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் சொல்லலை."

அவள் கையை விடுவித்துக்கொண்டு, அவர் தொட்ட இடத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பாலிஷ் பூசிய அந்தப் பயல் கூலிக்குக் குரங்காட்டம் ஆடினான், ஒழியட்டும். அவளுக்கு அருவருப்பாக இருந்தது கொலு நாற்காலிதான். வருஷா வருஷம் அவளைப் பேசவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து, அந்தப் புன்னகை. அவள் சொல்லச் சொல்ல இந்த மனுஷன் மனசுக்குள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"மனசு கஷ்டப்படுமேன்னுதான் கொலுவுக்குக் கொலு எல்லாரையும் கேக்கச் சொன்னேளா?"

"நீ சந்தோஷமா சொல்லிண்டிருந்தே. அதை ஏன் கெடுக்கணும்னு..."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கோ. அன்னிக்கு ஆபீஸ்ல எல்லாரும் உக்காந்து பாத்தேளே, முதல்ல சிரிச்சது யாரு?"

கஸ்தூரிரங்கன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேஷ்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார். உஷாராணி ஆட்டோவோடு வந்து நின்றபோதும் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.