திரைக்குப் பின்னால் ஓடிய ஓவர்லாக் மிஷின்

"பாட்டு நாடகத்துக்கு எதுக்குப்பா தையல் மிஷின்?" என்று போன ஞாயிற்றுக்கிழமை நம் சபாவின் நாடகத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் நீங்கள் இருவரும் கேட்டீர்கள். மேடையில் ராஜா உருக்கமாகப் பாடிக்கொண்டிருக்கிறார், திரைக்குப் பின்னால் ஓவர்லாக் மிஷின் கர்ர் கர்ர் என்று ஓடுகிறது, யாரும் அதை நிறுத்தச் சொல்வதில்லை. உங்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். வாயால் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அதனால் எழுதியே தருகிறேன்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. நம் பனியன் நகரத்து ராயபுரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் எங்கள் வீட்டில் பாதிப்பேர் வேலை பார்த்தார்கள். அப்பா கட்டிங் மாஸ்டர். அவருடைய தம்பி, அதாவது என் சித்தப்பா, அயர்ன் மேஜையில். அம்மாவும், அப்பாவின் தங்கையான அத்தையும் அடுத்தடுத்த ஓவர்லாக் மிஷினில். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அங்கேதான் போவேன்.

நம் நாடக சபா எப்படி ஆரம்பித்தது தெரியுமா? ஒரு நாள் அத்தைக்கு நூல் தீர்ந்துவிட்டது. அத்தனை மிஷின் இரைச்சலில் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? "நூலு தீந்து போச்சுதே, அண்ணா" என்று ராகம் போட்டு உச்சக் குரலில் இழுத்தார். அப்பா கட்டிங் மேஜையிலிருந்து, "கொண்டு வந்தேன் தங்கையே" என்று அதே ராகத்தில் பதில் பாடினார். அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் டீ கேட்பதும் பாட்டு, பீஸ் கணக்குச் சொல்வதும் பாட்டு. அந்தப் பழக்கம் முற்றித்தான் ஒரு நாடகமே உண்டானது. ஊரில் யாரும் பாடக்கூடாது என்று ஒரு ராஜா தடை போடுகிறார். அவர் மகளே தடையை மீறிப் பாடுகிறாள். வசனம் கிடையாது, எல்லாம் பாட்டு. சித்தப்பா ராஜா, அத்தை ராஜகுமாரி, நான் ராஜகுமாரியின் தம்பி. எனக்கு மூன்று வரிப் பாட்டு. அதற்கே நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

குன்னத்தூர்ப் பக்கத்தில் ஒரு கோயில் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, எங்களைக் கூப்பிட்டார்கள். கம்பெனிக்கு வெளியே முதல் மேடை. கோயில்காரர் முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டார்: "நல்லாருந்துச்சுன்னா வருசா வருசம் நீங்கதானுங்க. சொதப்புனீங்கன்னா அடுத்த வருசம் சினிமாப் பாட்டுக் கச்சேரி வெச்சுக்குவோமுங்க."

வேலைக்கு நடுவே பாடிப் பழகியதெல்லாம் போதாது என்று, ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுசாக ஒத்திகை வைத்தார் அப்பா. லீவு நாள் என்பதால் மிஷின் ஒன்றும் ஓடவில்லை. செக்கிங்கில் வேலை பார்த்த விருதுநகர்க்காரர்தான் ஆர்மோனியம். அவரை எல்லோரும் பெட்டிக்காரர் என்பார்கள். சொந்த ஊரில் கோயில் கோயிலாக வாசித்தவர், தூக்கத்தில்கூட விரல் தப்பாது. அவர் தொடங்கினார். அத்தை ஒரு அடி முந்திக்கொண்டு பாடினார். மறுபடி தொடங்கினார்கள். இந்தத் தடவை பெட்டி நின்ற பிறகும் அத்தை தனியே பாடிக்கொண்டிருந்தார்.

"ஏ அம்மிணி, வண்டி நின்னு போச்சு. நீ மட்டும் எங்க போற?" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தோம். நான்தான் பலமாகச் சிரித்தேன்.

அத்தை சிரிக்கவில்லை. அம்மா மெதுவாக, "செக்கிங்ல அந்தப் பிள்ளை ஒருத்தி நல்லாப் பாடுவாளே, அவளை வேணும்னா..." என்று அப்பாவிடம் ஆரம்பித்தார். அத்தை அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாமுங்க அண்ணி. நானே பாடறேன். முடியலீன்னா நானே சொல்லிப்போடறேன். மத்தவங்க யாரும் சொல்ல வேண்டாம்."

சொல்லிவிட்டு நேராகத் தன் மிஷினிடம் போனார். சுவிட்சைப் போட்டார். உள்ளங்கையை மிஷின் மேஜையில் பதித்துக்கொண்டு, "அண்ணி, இங்க வந்து ஓட்டுங்க. தாளத்துக்குத் தக்கன பெடலை மிதியுங்க" என்றார். அம்மா ஒரு துண்டுத் துணியை ஊசிக்குக் கொடுத்து மிதித்தார். பெட்டிக்காரர் அத்தைக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டார். அத்தை பாடினார். ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை.

பாட்டு முடிந்தது. சித்தப்பா காரணமே இல்லாமல் அயர்ன் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து முதலாளி இறங்கி வந்தார். "லீவு நாள்ல மிஷினுக்கு என்னுங்க வேலை? கரண்ட் பில்லு உங்க ராஜாவா கட்டுவாரு?"

அப்பா முன்னே வந்தார். "எங்க எல்லாருக்குமே இந்தச் சத்தத்துல பாடிப் பழகிப் போச்சுங்க. இது இல்லீன்னா ஒருத்தருக்கும் பாட்டு வர மாட்டீங்குதுங்க."

"ஆமாங்க, எனக்குத் தொண்டையே திறக்காதுங்க" என்றார் சித்தப்பா.

"எனக்கும் விரலு ஓட மாட்டேங்குதுண்ணாச்சி" என்றார் பெட்டிக்காரர்.

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "ஒரே ஒரு மிஷின்தான்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். எனக்கும் மிஷின் இல்லாமல் பாட்டு வராது என்று நான் அன்றே முடிவு செய்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாட மறுத்து டீச்சரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

நோம்பி நாளன்று மினி டெம்போவில் மிஷினையும் ஏற்றிக்கொண்டு போனோம். மேடை பலகை மேடை. அதன் பின்பக்கப் பலகை மேலேயே மிஷினை இறக்கினோம். எக்ஸ்போர்ட்டில் கழித்துப்போட்ட பனியன் துணியில்தான் திரை. கட்டியபோது முழங்கால் உயரத்தில் நின்றது. பனியன் துணி தன் கனத்திலேயே இழுபடும் அல்லவா? நாடகம் தொடங்குவதற்குள் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது.

ராஜகுமாரிக்கு ஜரிகைத்தாள் ஒட்டிய செருப்பு ஒரு ஜோடி செய்து வைத்திருந்தோம். அத்தை அதை ஓரமாகத் தள்ளிவிட்டு வெறுங்காலோடு நின்றார். அம்மா பின்னால் பெடலை மிதித்துப் பார்த்தார். என் உள்ளங்கால் குறுகுறுத்தது. அத்தை தலையை ஆட்டினார்.

பொழுது சாயவும் கரண்ட் போய்விட்டது. கரண்ட் கட் எங்களை ஆட்டிப் படைத்த வருஷங்கள் அவை. மைக்செட்காரரிடம் சின்ன ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. மைக்கோடு டியூப்லைட்டையும் மிஷினையும் சேர்த்து மாட்டினார். அது இருமிக்கொண்டு நின்றுவிட்டது.

"ரெண்டையும் இழுக்காதுங்க மாஸ்டர். லைட்டா மிஷினா, ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க."

"மிஷின்" என்றார் அப்பா. யோசிக்கக்கூட இல்லை.

கோயில்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, மூஞ்சி தெரியாம என்னத்தங்க நாடகம் பாக்கறது? மிஷினைப் பாக்கவா சனம் வந்திருக்குது?"

"வெளிச்சத்துக்கு நான் பொறுப்புங்க" என்று சொல்லிவிட்டு அப்பா கூட்டத்துக்குள் இறங்கினார். பொரிக்கடைக்காரரிடம் என்ன சொன்னாரோ, இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகளோடு திரும்பி வந்தார். பொரிக்கடைக்காரரும் கடையைச் சாத்திவிட்டு முன் வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஒரு விளக்கை அத்தைக்குப் பக்கத்தில் வைத்தார். இன்னொன்றை ராஜாவுக்கு வைப்பார் என்றுதான் நினைத்தேன். அப்பா அதைப் பெட்டிக்காரரின் முகத்துக்கு நேராக வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சித்தப்பா, நீங்க இருட்டுல நிக்கறீங்க!"

ஒரு வாரமாக மீசையை முறுக்கிப் பழகியவர், கண்ணாடி முன்னாலிருந்து நகராத மனுஷன், என் தலையில் கைவைத்து, "ராஜாவுக்கு எதுக்குடா வெளிச்சம்? குரல் போதும்" என்றார்.

நாடகம் நடந்தது. பலகை அதிர அதிர அத்தை பாடினார். பெட்டிக்காரர் ஒவ்வொரு அடிக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வாசித்தார். அத்தை அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. இருட்டில் சித்தப்பா முழங்கினார். என் மூன்று வரியை நான் இரண்டாகச் சுருக்கிவிட்டேன். அதையும் யாரும் கவனிக்கவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் மைதானமே கைதட்டியது. அத்தை மட்டும் அசையாமல் பெட்டிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆர்மோனியத்தை விட்டுவிட்டு, இரண்டு கையையும் விளக்குக்கு நேரே உயர்த்தித் தட்டிக் காட்டினார். அப்புறம்தான் அத்தை கூட்டத்தின் பக்கம் திரும்பி, கும்பிட்டு, சிரித்தார். நம் அத்தைக்கு எவ்வளவு அடக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"அடுத்த வருசமும் அந்த மிஷினோடயே வந்துருங்க" என்று கோயில்காரர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அத்தையின் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது என்பதும், அங்கே இருந்தவர்களில் அது தெரியாதவன் நான் ஒருவன்தான் என்பதும் எனக்குத் தெரியவர இன்னும் சில வருஷங்கள் இருந்தன.

திரும்பும்போது டெம்போவின் பின்னால் மிஷினுக்குப் பக்கத்தில் அத்தை மடியில் சாய்ந்து படுத்திருந்தேன். "அத்தை, எம்புட்டுக் கைதட்டு! கேட்டுச்சா?" என்றேன். பதில் இல்லை. தூங்கிவிட்டார் போல என்று நினைத்தேன். ஊத்துக்குளி ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. அங்கே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தை தூங்கவில்லை. எப்போதும் செய்வதுபோல என் தாடையைப் பிடித்து, முகத்தை அந்த வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். பாசத்தில் செய்கிறார் என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன்.

"இப்பச் சொல்லு கண்ணு" என்றார்.