காதக்காவுக்குக் கேட்காத வாலாட்டி

சாவி வெட்டும் கடை வைத்திருப்பவளுக்குப் பறவை பார்க்கும் கூட்டம் வைத்த பெயர் காதக்கா. மற்றவர்கள் பைனாகுலரும் கையுமாக அலைய, அவள் கடையைச் சாத்திவிட்டு வந்து மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். வெயில் தணிந்து குளிர் எட்டிப் பார்க்கும் மாதங்களில், இருட்டியதும் வலசைப் பறவைகள் தலைக்கு மேலே போகும். உருவம் தெரியாது, குரல்தான் அடையாளம். கட்டைக் குரலில் ‘குவாக்’ என்றால் இராக்கொக்கு. மெல்லிசாக ‘ச்சிட்’ என்றால் வாலாட்டி. அவள் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது.

இந்த வருஷம் வாலாட்டி ஒன்றுகூட வரவில்லை என்றாள். கூட்டத்தை நடத்தும் மருந்துக்கடைக்காரர் ஆடிப்போனார். பக்கத்துக் குன்றின்மேல் ராட்சத விளக்குகள் போடலாமா என்று நகராட்சி இவர்களிடம் கேட்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் வலசைப் பறவைகள் திசை தப்பிவிடும். வாலாட்டி இந்த வழியாகப் போவதில்லை என்று எழுதிக்கொடுத்தால் விளக்கு வந்துவிடும். நாளை மாலை வந்து முடிவாகக் கேட்டுக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

அன்றைக்கு அவள் கணவர் துணி எடுக்க மாடிக்கு வந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர்.

“என்னம்மா, மேல போற பஸ் இன்னும் வரலையா?”

“பேசாம துணிய எடுங்க.”

அவர் சட்டென்று அண்ணாந்தார். “இதென்னது, எலி மாதிரி மேல கத்திக்கிட்டுப் போகுது?”

“ஒண்ணும் கத்தல. உங்களுக்கு எலி நெனப்பு.”

“இந்தா, மறுபடியும்!”

அவளுக்குக் காற்று மட்டும்தான் கேட்டது. இராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தாள்.

காலையில் கடை திறந்ததும் ஒரு வாடிக்கையாளர் சாவியை மேஜையில் போட்டார். “அக்கா, இது ரெண்டாவது தடவ. பூட்டுல போகுது, திரும்ப மாட்டேங்குது.”

இந்த வருஷம் இப்படித் திரும்பி வந்த சாவிகள் ஏராளம். எல்லாவற்றுக்கும் சாவித் தகடு மட்டம் என்று கம்பெனிக்காரனைத் திட்டியே காலம் தள்ளியிருந்தாள். வெட்டிய சாவியைப் பிசிறு நீக்கும் சக்கரத்தில் பிடித்தால், பிசிறு போனதும் கரகரப்பு அடங்கி மெல்லிய விசில் வரும். அந்த நொடியே எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் தாண்டினாலும் பல் தேய்ந்துவிடும்.

முதல் சவாரி முடித்துவிட்டு டீ கொண்டுவந்த கணவரை நிறுத்தினாள். “விசில் வந்ததும் சொல்லுங்க.”

சக்கரத்தில் சாவியை வைத்தாள்.

“வந்துருச்சு. வந்துருச்சுன்னு சொல்றேன்ல, எடும்மா!”

அவள் காதில் கரகரப்பு அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷம் இந்தச் சக்கரத்தின் பக்கத்திலேயே தலையை வைத்திருந்ததில், அவள் காதின் மேல் சுருதி மொத்தத்தையும் அது தின்றுவிட்டிருந்தது. வாலாட்டியின் குரலும் அந்தச் சுருதியில்தான்.

கணவருக்குப் புரிந்தது. “மருந்துக்கடைக்காரருகிட்ட சொல்லப் போறியா? அப்புறம் காதக்கான்னு யாரு கூப்பிடுவா?”

“கூப்பிடாட்டிப் போறாங்க.” வாடிக்கையாளருக்குப் புதுத் தகட்டில் சாவி வெட்டி, கணவர் காதை நம்பி எடுத்துக்கொடுத்தாள். அந்தச் சாவி பூட்டில் திரும்பியது.

சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் மாடியேறி வந்தார். “அப்போ வரலைன்னே எழுதிடவா அக்கா?”

“எழுதாதீங்க சார். வாலாட்டி வருது. எனக்குத்தான் கேக்கல.”

அவர் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “இது தெரியாம நான் விளக்குக்குச் சரின்னு எழுதியிருப்பேனே.”

“நானும்தான் சொல்லியிருப்பேன். இந்த சீசன் முழுக்க நான் சொன்னதையெல்லாம் அடிச்சிருங்க. இன்னைலேர்ந்து புதுசா எண்ணுவோம். இவரு கேப்பாரு.”

“நானா?” என்றார் கணவர். “எனக்கு எலிக்கும் வாலாட்டிக்கும் வித்தியாசமே தெரியாதே!”

“எலிக்கு றெக்க இல்ல. மேலேர்ந்து வந்தா வாலாட்டி.”

முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். மெல்லிசாக ஏதாவது கேட்டால் கணவர் அவள் நாற்காலிக் கையை ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு. இருட்டியது. தட்டு விழுந்தது. தனக்கும் கேட்டது என்று மருந்துக்கடைக்காரரும் தலையாட்டினார். சற்றுப் பொறுத்து இன்னொன்று, உடனே அடுத்தது.

திடீரென்று அவள் கணவர் நாற்காலியைத் தட்டினாள்.

“என்ன, எனக்கு ஒண்ணும் கேக்கலையே?”

“இராக்கொக்கு. இன்னும் கிட்ட வரல,” என்றாள். “பொறுங்க.”