மடியில் இருந்த ஃப்யூஸ் கட்டை

சுற்றப் பார்த்துச் சுற்ற முடியாமல் சிக்கிக்கொண்ட மோட்டாருக்கு ஒரு முனகல் உண்டு. அதை முதலில் கேட்டது காசிமேட்டு ஐஸ் கம்பெனியில். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி கேட்டேன், திருவொற்றியூரில் என் மகன் வாங்கிய ஃப்ளாட்டில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து. சாப்பிட்ட மிச்சத்தை அரைத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும் மிஷின் ஒன்றை அவன் ஆசைப்பட்டு அங்கே மாட்டி வைத்திருக்கிறான். அதில் நண்டு ஓட்டைப் போட்டது நான்தான். போடாதீர்கள் என்று மருமகள் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அரைக்கிற மிஷினுக்கு என்ன இத்தனை சொகுசு என்று நினைத்து, கேட்காமல் போட்டுவிட்டேன். மகன் ஹார்பரில் டியூட்டியில் இருந்தான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

மருமகள் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள். போனில் வீடியோ பார்த்துவிட்டு, மிஷினோடு வந்த ஆறு மூலைச் சாவியைத் தேடி எடுத்தாள். "அடியில ஒரு பொத்தல் கீது அத்தே. இத்த வுட்டு இப்டியும் அப்டியும் திருப்புனா லூசாயிடுமாம். நீங்க சுவிட்சாண்ட நில்லுங்க" என்றாள். நின்றேன். குனிந்து உட்கார்ந்து திருப்பினாள். உள்ளே ஏதோ நொறுங்கியது. எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தொட்டியின் வாய்க்குள் மணிக்கட்டு வரை கையை விட்டாள்.

"கைய எடும்மா, எடு!" என்று கத்தினேன்.

பயந்துபோய்க் கையை எடுத்தாள். "இன்னா அத்தே, அணைச்சித்தானே கீது?"

அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

ஐஸ் கம்பெனியில் டோக்கன் கொடுப்பது என் வேலை. அப்போது எனக்கு ஏழு மாதம். பின்னால் தட்டிக்கு அந்தப் பக்கம், ஐஸ் பாரை உடைத்துத் தூளாக்கும் மிஷினை அக்கா பார்த்துக்கொண்டாள். கூடப் பிறந்தவள் இல்லை. ஆனால் மசக்கையில் நான் எதையும் தொடாமல் கிடந்தபோது மாங்காய் போட்ட மீன் குழம்பைத் தூக்குவாளியில் கொண்டுவந்து திட்டித் திட்டிச் சாப்பிட வைத்தவள். மிஷினின் பல்லில் சாக்கு நார் சிக்கினால் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால், என் மேஜைக்கு மேலிருந்த பெட்டியிலிருந்து மிஷினுக்குக் கரண்ட் விடும் பீங்கான் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொள்வாள். சுவிட்சைக்கூட அணைக்கமாட்டாள். "எவனையும் நம்பமாட்டேன், என் மடியத்தான் நம்புவேன்" என்பாள்.

ஆனால் எங்கள் கம்பெனியின் லட்சணம் வேறு. ஒரு கட்டை உடைந்தால் புதிதாக வாங்கமாட்டார்கள். விளக்கின் கட்டை ஃபேனுக்குப் போகும், ஃபேனின் கட்டை மிஷினுக்கு வரும். அந்தப் பெட்டியில் ஏதாவது ஓர் இடம் எப்போதும் காலியாகத்தான் கிடக்கும். அதைப் பார்த்து யாரும் பதறமாட்டோம்.

அன்று நான் டீ குடித்துவிட்டு வந்தபோது மிஷின் நின்றிருந்தது. வாசலில் மீன்பிடி போட்டுக்காரர்கள் சத்தம் போட்டார்கள். "இன்னாம்மா, ஐஸு வர்ல? போட்டு கெளம்ப வேணாவா? பேஜாரு பண்ணாதம்மா!" அண்ணாந்து பார்த்தேன். மிஷினின் இடம் காலி. எந்தப் பாவி பிடுங்கிக்கொண்டு போனானோ என்று முணுமுணுத்துக்கொண்டே ஃபேனின் கட்டையைப் பிடுங்கி அங்கே செருகினேன். தட்டிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க நாலடி நடந்தால் போதும். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சோம்பல், அவ்வளவுதான். மிஷின் முதலில் முனகியது. அப்புறம் சுற்றியது. அப்புறம்தான் அக்காவின் குரல் கேட்டது.

மூன்று விரல்கள் போயின. பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் புடவையைத் தளர்த்தியபோது மடியிலிருந்து கட்டை தரையில் விழுந்தது. முதலாளி வந்துகொண்டிருந்தார். நான் அதைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். தள்ளியதை அக்கா பார்த்தாள். "கட்டைய எடுக்காம கைய வுட்டியா?" என்று முதலாளி கேட்டார். "ஆமா மொதலாளி, மறந்துட்டேன்" என்றாள். அவர் போன பிறகு என் பக்கம் திரும்பி, "வவுத்துல புள்ள கீது, மூடிகினு இரு" என்றாள். அதோடு சரி. அதைப் பற்றி அவள் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. கவனமில்லாதவள் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் பிள்ளை பெற்று, அதே மேஜைக்குத் திரும்பி, பதினோரு வருஷம் டோக்கன் கொடுத்தேன்.

அக்கா எண்ணூரில் கருவாடு விற்றாள். என் மகன் கல்யாணத்துக்கு வந்து மிச்சமிருந்த இரண்டு விரலால் மணமக்களுக்குத் திருநீறு பூசினாள். போன வருஷம் செத்துப்போனாள். வாய்க்கரிசி போட்டபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் யார் வீட்டில் சுவிட்சைத் தொட்டாலும் முதலில் அங்கிருக்கிறவர்களின் கைகளைத்தான் தேடுகிறேன். அக்காவின் கை மட்டும் எங்கேயோ உள்ளே இருப்பதாகவே தோன்றுகிறது.

மருமகள் ஈரக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். "எனுக்குத் துன்னூறு பூசுனாங்களே, அந்தப் பெரிம்மாவா?" என்றாள். ஆமாம் என்றேன். ஐயோ பாவம் என்பாள், போனது போகட்டும் அத்தே என்பாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அதற்காகத்தான் சொன்னேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்கு மேலே இருந்த சுவிட்சைப் பார்த்தாள். குனிந்து தொட்டிக்கு அடியில் கையை விட்டு, மிஷினின் பிளக்கைப் பிடுங்கி வெளியே போட்டாள்.

"நீங்க ஹால்ல போய் உக்காருங்க அத்தே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் நான் நகரும் வரை கையை உள்ளே விடாமல் நின்றாள்.

போய் உட்கார்ந்தேன். இப்படித் தள்ளிப் போய் உட்கார் என்று அக்கா அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாம்.