இருட்டறையில் ஒளிர்ந்தவை

அறுபதுகளின் தொடக்கம். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி மாதத்தில், தென்காசி ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்தது இது. என் அக்காவுக்கு வயிற்றில் நீர் கோத்திருந்தது. ஊசி போட்டு நீரை வடித்த டாக்டர், புற்றுநோயாக இருக்கலாம், உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார். அத்தான் வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டார்.

அப்போது வெளியூரிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்து, அங்கிருந்த எக்ஸ்ரே இருட்டறையில் நுண்ணோக்கி ஒன்றை வைத்திருந்தார். உடம்பிலிருந்து எடுத்த செல்கள் தன் ஆய்வுக்கூடத்துக்கு பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் செத்துவிடும் என்பதால் கருவியையே இங்கே தூக்கி வந்திருந்தார். அக்காவின் வயிற்று நீரில் ஒரு சொட்டு எடுத்து, ஒளிரும் சாயம் கலந்து பார்த்தார். அத்தானும் நானும் வாசலில் நின்றோம்.

"உயிரோட இருக்கு! அத்தனையும் உயிரோட இருக்கு!" என்று உள்ளேயிருந்து கத்தினார். எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். கறுப்புப் பரப்பில் பச்சையும் ஆரஞ்சுமாக வட்டங்கள் மின்னின.

"ஏ மாப்ளே, விளக்கு பொருத்தி வச்சாப்ல இருக்குலே," என்றார் அத்தான் என்னிடம். பிறகு அவரைப் பார்த்து, "அப்ப பயமில்லைல்லா சார்?"

அவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றார்.

அத்தான் அக்காவிடம் ஓடினார். "ஏட்டி, ஒனக்கு ஒண்ணுமில்ல. எல்லாம் உயிரோட இருக்குன்னு மிஷின்ல பாத்துச் சொல்லுதாரு."

"நான் உயிரோட இருக்கேங்கதைப் பாக்க ஒங்களுக்கு மிஷின் வேணுமாக்கும்?" என்று சிரித்தாள் அக்கா.

மதுரைக்குப் போக வந்த கார் இலஞ்சி முருகன் கோயிலுக்குப் போய்த் திரும்பியது. மறுநாள் டாக்டர் கோபித்தபோது, "ஒங்க கண்ணைவிட அந்த மிஷின் பெருசுல்லா," என்று அத்தான் அவர் வாயை அடைத்துவிட்டார்.

ஆவணியில் வயிறு மறுபடியும் வீங்கியது. அப்போதுதான் டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார்: அன்று உயிரோடு ஒளிர்ந்தவை புற்றுநோயின் செல்கள். மதுரைக்குப் போனோம். காலம் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். தீபாவளிக்கு அக்கா இல்லை.

ஆராய்ச்சியாளர் அடுத்த சாரலுக்கும் வந்தார். போய்ச் சொன்னேன். நிஜமாகவே வருந்தினார். "நான் செல்லைப் பத்தித்தானே சொன்னேன்?" என்றார்.

உண்மைதான். பொய் சொல்லியிருந்தால் அவரை என்றோ மன்னித்திருப்பேன். சரியாகச் சொன்ன மனிதரை எதற்காக மன்னிப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.