துடைத்து வைத்த பாட்டில்

நீல மூடி போட்ட அந்தக் கண்ணாடி பாட்டிலைத் தினமும் காலையில் துணியால் துடைத்து மேடத்தின் மேசையில் வைப்பேன். அடையாறில் ஓர் ஆய்வுக்கூடம். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அங்கே கழுவுவது, துடைப்பது, எடுத்து வைப்பதுதான் வேலை. யாரிடமும் அதிகம் பேச மாட்டேன். ஆனால் மயிலாப்பூரிலிருந்து வரும் மேடம், தான் செய்வதை எனக்கும் புரியும்படி சொல்வார். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின் போன்ற மருந்து, மூளை நரம்பணுக்களில் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் உண்டாம். ஏற்பி என்று பெயர். இன்னொரு மருந்தால் அதை அடைத்து, பாட்டிலில் உள்ள திரவத்தால் மூன்று முறை கழுவிவிட்டு, ஏற்பி எப்போது பழையபடி வேலை செய்கிறது என்று பார்ப்பார்.

மூன்று மாதமாகியும் அது பழையபடி ஆகவில்லை. மேலிடத்தில் இந்த ஆராய்ச்சியைக் கைவிடச் சொன்னார்கள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே மேடம் வீட்டுக்கு எடுத்துப்போன நாட்கள் உண்டு.

அக்கா மகள் கல்யாணத்துக்காக ஒருநாள் லீவு போட்டு வடபழனி போய்விட்டு வந்தேன். மேடம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "நேத்திக்கு ஏற்பியெல்லாம் முழிச்சுண்டுடுத்து! நீ இல்லாத நாளாப் பார்த்து வேலை செய்யறது பாரேன். உன்னைக் கண்டா அதுக்கும் வெக்கம் போலிருக்கு!"

எனக்குக் காரணம் உடனே புரிந்தது. மேடம் அந்தப் பாட்டிலை எப்போதும் சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் வைத்துவிட்டுப் போவார். கெட்டுப்போய்விடுமே என்று, வீட்டில் இட்லி மாவை வைப்பதுபோல, நான் அதை ப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். அவர் வருவதற்குச் சற்று முன் எடுத்தால் பாட்டில் வேர்த்திருக்கும். அதைத்தான் துடைத்து வைத்தேன். கையுறை போட்ட மேடத்துக்குக் குளிர் தெரியவில்லை. லீவுக்கு முந்தின நாள் மட்டும் கல்யாண அவசரத்தில் ப்ரிட்ஜில் வைக்காமலே கிளம்பிவிட்டேன்.

வேலை போய்விடுமோ என்று அன்று முழுக்கக் கழுவியதையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் கிளம்பப் பையை எடுத்தபோதுதான் சொன்னேன். "நான்தான் மேடம் டெய்லி ப்ரிட்ஜ்ல வச்சிக்கினு இருந்தேன். கெட்டுப்பூடும்னு."

அவர் பையைக் கீழே வைத்தார். "மூணு மாசம்!" என்றார். அப்புறம் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தார். "அப்போ குளிர்ல அடைப்பு விடலை, அவ்வளவுதான். நாளைக்கு ரெண்டு விதமாவும் கழுவிப் பார்ப்போம். நீயும் கூட இரு."

மறுநாள் வெதுவெதுப்பாகக் கழுவிய தட்டில் ஏற்பிகள் வேலை செய்தன. குளிராகக் கழுவியதில் இல்லை. அதையும் வெதுவெதுப்பில் வைத்ததும் மெல்லத் திரும்பி வந்தன. குறிப்பேட்டில் அதை எழுதி, பக்கத்திலேயே என் பெயரையும் எழுதினார். மேலிடத்திலிருந்து வந்தவரிடம், "இவங்க சொல்லித்தான் தெரிஞ்சுது" என்று என்னைக் காட்டினார். நான் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முகமெல்லாம் சுட்டது. பெருமைக்கு அப்படிச் சுடும் என்று அன்றுதான் தெரிந்தது.

மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். பாட்டில்களும் பிளாஸ்டிக்காகிவிட்டன. நீல மூடி பாட்டில் ஒன்று மட்டும் மிச்சம். மேடம் என்னையே எழுத வைத்து ஒட்டிய சீட்டு அதில் இருக்கிறது: 'குளிர வைக்காதே.' புதிதாக வரும் மாணவர்கள் யார் கையெழுத்து என்று கேட்பார்கள். முன்பெல்லாம் தெரியாது என்று நழுவிவிடுவேன். இப்போது, வேர்க்காத அந்தப் பாட்டிலை ஒருமுறை துடைத்து வைத்துவிட்டு, "என்னுதுதான்" என்கிறேன்.