விழாமல் நின்றவள்

கோரைப்பாயில் ஓர் ஆள் மல்லாந்து விழும் சத்தம் எப்படியிருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. முதலில் தொப்பென்று ஒரு சத்தம், பிறகு பாயில் தலைமுடி உரசும் சரசரப்பு, அதன்பின் ஒன்றுமே கேட்காது. கோவில்பட்டிக்குத் தெற்கே, பருத்திக் காடுகளுக்கு நடுவில் தகரக் கொட்டகை போட்டிருந்த எங்கள் சபையில், ஞாயிறுதோறும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

சபையை நடத்திய போதகரை 'ஐயா' என்போம். ஆராதனை முடியும் நேரத்தில் எல்லோரும் வரிசையாக நிற்க, எண்ணெய் தொட்ட வலது கையை ஒவ்வொரு தலையிலும் வைத்துக்கொண்டே வருவார். கை பட்டதும் விழ வேண்டும். விழுகிறவர்களைத் தாங்கப் பின்னால் ஆள் நிற்கும். பெண்கள் விழுந்தால் உடனே காலுக்கு மேல் 'மூடுதுணி' போடுவார்கள். விழுந்தால் ஆவியானவர் தொட்டார் என்று பொருள், விழாவிட்டால் நெஞ்சுக்குள் எதையோ ஒளித்து வைத்திருக்கிறோம் என்று பொருள். யாரும் சொல்லித் தராமலே, முழங்கையில் அடிபடாமல் விழுவதற்குப் பிள்ளைகள் எல்லோரும் பழகியிருந்தோம். நான் அதில் படு கெட்டிக்காரி.

என் அக்கா பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, நர்சிங் சேரத் துடித்துக்கொண்டிருந்த கோடையில், அவளைத் தம் மனைவியின் தம்பிக்குக் கர்த்தர் குறித்து வைத்திருப்பதாகத் தரிசனம் கண்டேன் என்று ஐயா அறிவித்தார். அந்த மாப்பிள்ளைக்கு எங்கள் அப்பாவைவிட நாலைந்து வயதுதான் குறைவு. அக்கா மாட்டேன் என்றாள். அப்பாவுடையது ஐயாவை மறுத்துப் பேசிப் பழகிய வாய் அல்ல. ஐயா கோபப்படவேயில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பிள்ளைய ஒண்ணும் சொல்லாதிய. அவ விழுத அன்னைக்குச் சம்மதம்னு எடுத்துக்கிடுவோம்" என்றார்.

அடுத்த ஞாயிறு கை பட்டது, அக்கா நின்றாள். அதற்கடுத்த ஞாயிறும் நின்றாள். வரிசை முழுக்கக் காற்றில் சாய்ந்த கம்பங்கதிர் மாதிரி ஆட்கள் கிடக்க, வெயிலில் கூரைத் தகரம் டக் டக்கென்று சத்தம் போட, ஐயாவும் அக்காவும், அவளைத் தாங்க இரண்டு கையையும் நீட்டியபடி அம்மாவும் மட்டும் நின்றுகொண்டிருப்பார்கள். ஐயாவின் கை வெகுநேரம் அவள் தலையை விட்டு எடுபடாது. கிடந்தவர்கள் ஒருவரும் அசையமாட்டார்கள். ஆனால் அவர்களுக்கு நடுவில் கிடந்த எனக்குத் தெரியும், எல்லோருடைய கண்ணும் திறந்தே இருந்தது.

பிறகு ஒரு பேச்சு கிளம்பியது. யார் முதலில் சொன்னார்களோ, "அவ நிக்கல, அவளுக்குள்ள வேற ஒண்ணு நிக்குது" என்று வாய்க்கு வாய் பரவியது. தெருக்குழாயில் அக்கா குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டிலும், ஐயா சொன்னபடி, அவளுக்குத் தனித்தட்டு வைத்தார் அப்பா. தினமும் அவளிடம் தலை பின்னிக்கொண்ட நானே, அவள் கூப்பிட்டால், அந்தக் குரல் அவளுடையதுதானா என்று ஒரு கணம் உற்றுக் கேட்டுவிட்டுத்தான் பக்கத்தில் போவேன்.

கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஒரு ஞாயிறன்று அக்கா விழுந்தாள். கொட்டகை அதிர அல்லேலூயா முழங்கியது. எழுந்த அக்கா அதன்பிறகு எதற்குமே மாட்டேன் என்று சொல்லவில்லை. சாந்தமாகச் சிரித்தாள், சீக்கிரமே கல்யாணமும் ஆயிற்று. சபைக்கு அது பெரிய சாட்சி. எனக்கோ, உண்மையிலேயே இப்போதுதான் அவளுக்குள் வேறு யாரோ வந்துவிட்டார்கள் என்று தோன்றியது.

ஐயா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. சபை உடைந்து சிதறி, கொட்டகை இருந்த காட்டில் இன்று சோலார் தகடுகள் வெயில் காய்கின்றன. போன கோடையில் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலம், இத்தனை காலம் கேட்கத் துணியாததை அக்காவிடம் கேட்டேன்: அன்றைக்கு உன்னைக் கர்த்தர் தொட்டாரா, இல்லை, ஐயா பிடித்துத் தள்ளினாரா?

"ரெண்டும் இல்லட்டி" என்றாள். "அம்மை பின்னால நின்னு காதுல சொன்னா, 'விழுந்திரு தாயி, எனக்குக் கை கடுக்குது'ன்னு."